பூனை குடித்த தண்ணீர்

மே 6, செவ்வாய்

உலகம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நேற்றெல்லாம் அவள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். "என்னட்டி, கொலு பொம்மை மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு முறைப்புதான் வந்தது. என் வாய்க்கு வாய் பேசாமல் அவள் விட்டது இதுதான் முதல் தடவை. உடனே போய் ஆட்டோ பிடித்தேன்.

உலகம்மாள் என் தம்பி பெண்சாதி. எனக்கு ஒன்பது வயது இளையவள். தம்பி சிதம்பரம் காலமான பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் இல்லை, அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், மருந்து ஏற்றுதல், முடி கொட்டி முளைத்தது எல்லாம் ஆகி, ஒரு வழியாக முடிந்தது என்றுதான் இருந்தோம்.

இப்போது இதயத்தைச் சுற்றியிருக்கிற பைக்குள் நீர் கோத்திருக்கிறதாம். அது நெருக்குவதால் இதயம் விரிய இடம் இல்லை. டாக்டர் ஜெபசீலி காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் படம் வேண்டியதே இல்லை. மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பது வருஷம் புகார் வாங்கியவள் நான். இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஊசி வழியாகக் குழாய் செருகி நீரை இறக்குவார்களாம். ஊசி இதயத்தில் பட்டுவிடலாம், ரத்தம் கசியலாம், துடிப்பு தடுமாறலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன். அவர்கள் கொடுத்த பேனா சரியில்லை, எழுத்து கோணிவிட்டது.

மே 8, வியாழன்

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் ஒரு பை. வந்த நீர் தக்காளி ரசம் நிறத்தில் இருந்தது. ஒரேயடியாக இறக்காமல் நிறுத்தி நிறுத்தித்தான் இறக்குகிறார்கள். இவ்வளவு நாள் நெருக்கத்திலேயே பழகின இதயம், திடீரென்று இடம் கிடைத்தால் சோர்ந்துபோய்த் தடுமாறிவிடக் கூடுமாம். வீட்டில் ஆள் குறைந்தால் எனக்கும் அப்படித்தான் இருந்தது, தம்பி போன புதிதில்.

உலகு நேற்றே படுத்துத் தூங்கிவிட்டாள். குறட்டை வேறு. அந்தக் குறட்டைக்காக எத்தனையோ தடவை அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். நேற்று சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வேலையும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர். கிட்னிக் கோளாறு. அவர் பெண்சாதி மூக்கம்மா, கோடு போட்ட பாட்டிலில் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் இருக்கிறாள். "ஒரு நாளைக்கு ஒரு லிட்டருதான் அக்கா. அதுக்கு மேல கேட்டா குடுக்க மாட்டேன். அழுவாரு, ஏசுவாரு. நான் அசைய மாட்டேன். நீர் கோத்த ஒடம்புக்குத் தண்ணிதான் எதிரி" என்றாள். அவளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்படி நாலு பேர் எங்கள் ஆபீஸில் இருந்திருந்தால் ஊருக்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்திருக்காது.

மே 10, சனி

குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்த நீரில் புற்றுநோயின் அணுக்கள் இருக்கின்றன, அதனால் மறுபடியும் சேரலாம் என்றார் டாக்டர். மூச்சு முட்டினால், கால் வீங்கினால், மயக்கம் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தாறாம் தேதி வந்து காட்டினால் போதும்.

வாசல்வரை வந்த நர்ஸ் பெண் சொன்னது: "நீர் விஷயத்துல கவனமா இருங்கம்மா. கூடுச்சுன்னா விட்ராதீங்க."

கூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 12, திங்கள்

தொட்டி கசிந்தால் முதல் வேலை என்ன? உள்ளே வரும் வால்வை அடைப்பது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்றிலிருந்து உலகுவுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர். சின்ன எவர்சில்வர் டம்ளர். மோர் கிடையாது, இளநீர் கிடையாது, நுங்கு கிடையாது. ரசம் சோற்றில் பிசைகிற அளவுக்கு மட்டும். நீரை இறக்குகிற வாழைத்தண்டும் முள்ளங்கியும் தினமும் உண்டு. நானும் அவள் கண் முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை. அடுப்படிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறேன்.

சாயந்தரம் கேட்டாள். "மதினி, ஒரு வாய் தாங்களேன்."

"இன்னைக்குத் தண்ணி அவ்வளவுதான்." முப்பது வருஷம் டெலிபோனில் சொன்ன வாசகம், தானாக வந்துவிட்டது.

"அப்பம் நான் கவுன்சிலர்ட்ட புகார் குடுக்கேன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் உதடு வெடித்திருந்தது. வெண்ணெய் தடவிவிட்டேன்.

மே 14, புதன்

அக்கினி நட்சத்திர வெயில். மாடிப்படியில் கால் வைக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்தாள். "நெஞ்சுல தண்ணின்னு சொன்னாங்களே, தண்ணின்னா…" என்று இழுத்தாள். அந்தத் தண்ணி இல்லை, இந்தத் தண்ணி என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. உலகுவுக்கு ஒரே சிரிப்பு. "நான் தண்ணி போடுதேன்னுட்டுப் போகட்டும் மதினி, நமக்கென்ன" என்கிறாள்.

ஒரு நல்ல மாற்றம். துளசிக்குத் தண்ணீர் விடுவதைத் தானே செய்கிறேன் என்று வாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். பல் தேய்க்கவும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள். சுத்தம் நல்லதுதானே என்று நானும் கதவைத் தட்டவில்லை.

மே 17, சனி

சாமி அலமாரியில் வைக்கிற பித்தளைச் செம்பில் தண்ணீர் குறைகிறது. தினமும் காலையில் நான்தான் நிரப்பி வைப்பேன். மறுநாள் பார்த்தால் பாதி இல்லை. பின் சந்தில் ஒரு சாம்பல் பூனை திரிகிறது. அதன் வேலையாகத்தான் இருக்கும்.

மே 19, திங்கள்

செம்பில் மறுபடியும் பாதிதான். பூனைக்கும் வெயில்தானே. விளிம்பு தட்ட நிரப்பி வைத்தேன்.

மே 21, புதன்

நேற்று செம்பின் மேல் தட்டுப் போட்டு மூடினேன். காலையில் தட்டு மூடியது மூடியபடி இருக்கிறது, தண்ணீர் பாதிக்குக் கீழே. தட்டைத் திறந்து குடித்துவிட்டுப் பொறுப்பாக மூடியும் வைத்துவிட்டுப் போகிற பூனை. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

மறுபடியும் நிரப்பினேன். உலகு கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

மே 23, வெள்ளி

உலகுவின் கணுக்கால் வீங்கியிருக்கிறது. விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. நாலு டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை, வாழைத்தண்டு தினமும் கொடுக்கிறேன், அப்படியும் எங்கிருந்து கூடுகிறது?

எங்கிருந்து கூடுகிறது என்று யோசித்துக்கொண்டே சாமி அலமாரிக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நாற்காலி போட்டு ஏறி, செம்பைப் பரணில் வைத்துவிட்டேன். பூனை ஏற முடியாத உயரம்.

உலகு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அவ்வளவு ஒசரத்துல சாமிக்கு எட்டுமா மதினி?"

"சாமிக்கு எல்லாம் எட்டும்" என்றேன்.

கால் வீங்கினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் திங்கட்கிழமை போகத்தான் போகிறோம். அதற்குள் வீக்கம் வடிந்துவிடும். துளசி வாளியையும் நானே எடுத்துக்கொண்டேன்.

மே 25, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

காலையில் குளியலறையில் தடாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் உலகு தரையில் கிடக்கிறாள். குழாய் திறந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை. இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற முறை இல்லை. மேல்தொட்டியிலும் இல்லை. குழாய்க்குக் கீழே அவள் கை குவிந்தபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இளம் டாக்டர். நாடியைப் பிடித்தார், கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. துடிப்பு ஓட்டமாக ஓடுகிறது. ஸ்கேன் பார்க்கிற அம்மா வீட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், அதுவரை காத்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் வந்தார்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன தடவை நீரை எடுத்த பிறகு இதயம் சோர்ந்து போயிருக்கலாம். அப்படின்னா நான் டிரிப் ஏத்தினா நுரையீரல் நிறைஞ்சு மூச்சு நின்னுடும். இல்ல, உடம்பு வத்திப் போயிருக்கலாம். அப்படின்னா ஏத்தாம இருந்தா உயிருக்கே ஆபத்து. வாந்தி, பேதி உண்டா? வீட்ல ஒழுங்கா தண்ணி குடிச்சாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து குரல் வந்தது. உயிரே இல்லாத குரல். "மதினி தரத்தான் செஞ்சாவ. நாந்தான் குடிக்கல."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றிருந்தால் எல்லோரும் அதை அப்படியே எழுதிக்கொண்டிருப்பார்கள். நோயாளிக்குக் குடிக்கப் பிடிக்கவில்லை, பாவம், கூட இருக்கிற அம்மா என்ன செய்வாள் என்று. எனக்கு அந்த ஆசை வந்தது. வரவில்லை என்று எழுதினால் பொய்.

"நான் குடுக்கல" என்றேன். "ஒரு நாளைக்கு நாலு சின்ன டம்ளர். பன்னெண்டாம் தேதியிலேருந்து. நெஞ்சுல நீர் கூடிரும்னு நானாத்தான் நிறுத்தினேன். தாகம் தாங்காம சாமி செம்புத் தண்ணிய எடுத்துக் குடிச்சா. பூனைன்னு சொல்லிக்கிட்டேன். எனக்குத் தெரியும். அந்தச் செம்பையும் வெள்ளிக்கெழம பரண்ல தூக்கி வச்சிட்டேன்."

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, "டிரிப்பை வேகமா விடுங்க" என்றார்.

ஸ்கேன் அம்மா வந்து பார்த்தார். இதயம் சோரவில்லை. பைக்குள் மறுபடியும் நீர் நிறைந்திருந்தது, உடம்பிலோ ரத்தம் ஓடப் போதுமான ஈரம் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துதான் அவளைக் கீழே தள்ளியிருக்கிறது. மத்தியானம் போல பிரஷர் ஏறத் தொடங்கியது. கொஞ்சம் நீரையும் ஊசியால் இறக்கிவிட்டார்கள்.

திட்டியிருக்கலாம் அந்த டாக்டர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 26, திங்கள்

டாக்டர் ஜெபசீலி உட்காரவைத்துப் பேசினார்.

"நீங்க குடிக்கக் குடுக்கிற தண்ணி வேற, அந்தப் பைக்குள்ள இருக்கிற நீர் வேற. அது நோய் சுரக்கிற நீர். வாயைக் கட்டினா அது நிக்காது. வெளியிலேருந்து அது அமுக்குறப்போ, உள்ள ரத்தம் நிறைய வந்தாத்தான் இதயம் திறந்து நிக்கும். உடம்பு வத்திப்போனா அதுக்குத் தாக்குப்பிடிக்கத் தெம்பு இருக்காது."

"பக்கத்துக் கட்டில்ல அளந்து குடுத்தாங்களே டாக்டர்?"

"அவருக்குக் கிட்னி. அவருக்கு அதுதான் மருந்து. இவங்களுக்கு அது விஷம்."

எங்கள் ஆபீஸில் குடிநீர்ப் பிரிவு கீழ்த்தளம், கழிவுநீர்ப் பிரிவு மாடி. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு சாக்கடைப் புகாரோடு என் மேசைக்கு வருவார்கள். "இது வேற, அது வேற, படிச்சவங்கதானே, போர்டைப் பாத்து வரக்கூடாதா?" என்று எத்தனை பேரை மாடிக்கு விரட்டியிருக்கிறேன். அந்த நர்ஸ் பெண் நீர் என்றது நோயின் நீரை. நான் போர்டைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் நின்று அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த வராந்தாவில் அது சகஜம்.

மே 27, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். ஊசியால் இறக்க இறக்கச் சேருவதால், பையிலேயே சின்னதாக ஒரு சன்னல் வெட்டிவிடப் போகிறார்கள். சேருகிற நீர் அதன் வழியாக வடிந்துபோய் உடம்பிலேயே வற்றிவிடுமாம். ரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம், துடிப்பு தாறுமாறாகலாம், இவ்வளவுக்குப் பிறகும் சன்னல் அடைத்துக்கொள்ளலாம். எல்லாம் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

"சன்னல் வச்சா காத்து வருமா டாக்டர்?" என்று கேட்டாள் உலகு. டாக்டரே சிரித்துவிட்டார்.

அவர் போனபின் கேட்டேன். "ஏட்டி, எதுக்கு எனக்காவப் பொய் சொன்னே? நேரம் தப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அந்தப் பையன் ஒங்கள ஏசிருவானோன்னு நெனச்சேன்."

"ஏசட்டுமே. ஒன் உசிரவிட அது பெருசா?"

என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "சாமி தண்ணிய எடுத்துக் குடிக்க மொதல்ல வெக்கமாத்தான் இருந்துச்சு மதினி. மறாநாளு பாத்தா செம்பு தளும்பத் தளும்ப இருக்கு. அப்பறமும் அப்பிடித்தான். சரி, மதினிக்குத் தெரியும், வாயத் தொறந்து சொல்லாம எனக்குன்னே வைக்காவன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பரண்ல தூக்கி வச்சியளே, அப்பதான், ஓகோ, இனிமே நெசமாவே குடிக்கக் கூடாது போலுக்குன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கெழமதான் தாங்க முடியல" என்றாள். குறை சொல்கிற குரலே இல்லை. ரேஷன் கடை லீவு என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் எனக்குத் தெரிந்துதான் நிரப்பினேனா? இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தால் பூனை என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் பூனைக்கு யாராவது விளிம்பு தட்ட நிரப்புவார்களா?

மே 28, புதன்

சன்னல் வெட்டியாயிற்று. கண் விழித்தாள். என் பெயரைச் சொன்னாள், மதினி என்று இல்லை, "ஈஸ்வரவடிவு" என்று முழுசாக. மயக்க மருந்தின் வேலை. முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பெயர் சொன்னதில்லை.

மே 30, வெள்ளி

நேற்றுப் பகல் முழுக்கத் துடிப்பு தாறுமாறு. கருவியில் கோடு கோணல்மாணலாக ஓடியது. இதயத்துக்குப் பக்கத்தில் கைவைத்தால் இப்படிக் கொஞ்ச நாள் மிரளும், மருந்துக்கு அடங்கிவிடும் என்றார்கள். உலகுவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையில்தான் வியர்த்தது, அவளுக்கு இல்லை. இன்று காலையில் அடங்கிவிட்டது. தையல் போட்ட இடத்தில் கொஞ்சம் கசிவு. பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்றும் கேட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். நர்ஸ்கள் என்னைக் கண்டால் ஒளிகிறார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

இட்லி ஒன்றரை. தண்ணீர் தாகத்துக்கு. சிறுநீர் தாராளமாகப் போகிறது. இதைவிட நல்ல செய்தி இந்த டைரியில் எழுதியதில்லை.

ஜூன் 4, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கிளம்பும் முன் டாக்டர் ஜெபசீலி என்னை மட்டும் கூப்பிட்டார். சன்னல் நன்றாக வேலை செய்கிறது, மூச்சுக்குக் கஷ்டம் இருக்காது. ஆனால் நோய் போகவில்லை, பரவியிருக்கிறது. மாதக் கணக்குத்தான் என்றார். எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை. "தண்ணி?" என்று மட்டும் கேட்டேன். "தாகம் எடுக்கிறப்போ குடிக்கட்டும். எவ்வளவு வேணும்னாலும்" என்றார். "எவ்வளவு வேணும்னாலும்" என்று நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வழியில் ஆட்டோவை நிறுத்தி இளநீர் வாங்கினேன். உலகு இரண்டு குடித்தாள். மூன்றாவதையும் வெட்டச் சொன்னேன். "போதும் மதினி, வயிறு டாங்கி மாதிரி ஆயிட்டு" என்றாள். அதை நான் குடித்தேன், அவள் கண் முன்னாலேயே.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து செம்பை இறக்கினேன். புளி போட்டு விளக்கி, பானைத் தண்ணீர் நிரப்பி, அவள் தலைமாட்டில் ஸ்டூலில் வைத்துத் தட்டைப் போட்டு மூடினேன்.

"இது சாமி செம்புல்லா? சாமிக்கு?"

"சாமிக்கு வேற வாங்கிக்கிடலாம். நீ சும்மா கெட."

விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் தூங்கவில்லை. குறட்டை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது.

ஜூன் 5, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தேன். தட்டு மூடியது மூடியபடி இருக்கிறது. செம்பில் ஒரு சொட்டு இல்லை.

உலகு கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தாள். உதட்டோரம் சிரிப்பு.

"இந்தப் பூனைய என்ன செய்ய?" என்று சத்தமாகவே சொன்னேன். விளிம்பு தட்ட நிரப்பி வைத்தேன்.